நான்கு பூவரசந் துண்டுகள்

அத்தையின் கல்யாணத்தன்று நடந்தவை, வரிசையாக:

1. சித்தப்பா ஆசாரியிடம் சொல்லிச் செய்த இரண்டு புது நாற்காலிகளைப் போட்டோ எடுப்பதற்காக முற்றத்து ஜமுக்காளத்தில் போட்டார்கள்.
2. மாப்பிள்ளை நாற்காலி கொஞ்சம் உயரம் என்று நான் கண்டுபிடித்தேன்.
3. யாரிடமும் சொல்லாமல் அதைச் சரிசெய்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. திருவரங்குளத்தில் எங்கள் கொல்லை வேப்பமரத்தடியில் ஆசாரி பத்து நாள் வேலை செய்தார். ஓர் ஆணி அடிக்காமல், கழுந்தும் துளையுமாகவே பூவரச மரத்தைப் பூட்டினார். இழைப்புச் சுருள்களில் எனக்குப் பங்கு உண்டு. கடைசி நாள் அவற்றோடு, ஒரே அளவில் அறுபட்ட நான்கு கால் துண்டுகளும் கிடைத்தன. ஏன் அறுத்தார் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு நாற்காலிகளுக்கும் குறுக்கே சிலேட்டை வைத்துக் கோலிக்குண்டை விட்டால், அது மாப்பிள்ளை பக்கத்திலிருந்து பெண் பக்கமாக உருண்டது. எனக்குப் பகீரென்றது. ஆசாரி தொழிலில் பிசகிவிட்டார், கல்யாண வீட்டில் அத்தனை பேர் முன்னால் ஏச்சு வாங்கப் போகிறார். என்னிடமிருந்த துண்டுகளைப் பெண் நாற்காலியின் கால்களுக்கு நேராக ஜமுக்காளத்துக்கு அடியில் செருகினேன். அச்சாகப் பொருந்தின. குண்டு அசையாமல் நின்றது.

தாலி கட்டி முடிந்து இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். அத்தையின் தலை மாப்பிள்ளை மாமாவின் தலைக்கு மேலே நின்றது. அத்தை கழுத்தைக் குறுக்கிக்கொண்டாள்.

"பொண்ணா, பனமரமா? எங்க புள்ள அண்ணாந்து பாத்தே கழுத்து சுளுக்கிக்குவான் போல!" என்றார் மாமாவின் பெரியம்மா. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள்.

சித்தப்பா ஆசாரியை ஓரமாக இழுத்தார். "என்னய்யா, சொன்ன அளவு என்னாச்சு?"

"பொண்ணு நாக்காலில ரெண்டு வெரக்கடை அறுத்தேங்க. சத்தியமா அறுத்தேங்க."

அவரைக் காப்பாற்ற இதுதான் நேரம் என்று நினைத்தேன். "ஆசாரிய வையாதீங்க சித்தப்பா! கோணலா இருந்துச்சு, நான் கட்டை வச்சு மட்டம் பண்ணிட்டேன்!" என்று கத்தினேன்.

மாமா குனிந்து ஜமுக்காளத்தைத் தூக்கிப் பார்த்தார். ஒரு துண்டைக் கண்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். மற்றவற்றை உருவப் போன சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க மச்சான், இருக்கட்டும். பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? ஒசரம் தெரிஞ்சுதான் கட்டுனேன்." பிறகு அத்தையிடம், "எதுக்குக் குறுகுறே? நிமுந்து உக்காரு" என்றார்.

பெரியம்மா வெற்றிலைப் பெட்டியைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினார்.

உயரம் என்று சொல்லி அதற்கு முன் இரண்டு இடங்கள் தட்டிப்போனதோ, அத்தை எந்த வாசலிலும் தேவையில்லாமல் குனிந்தே நுழைவது ஏன் என்பதோ எனக்குத் தெரியாது. அவள் நிமிர்ந்தாள், கண்களில் நீர் முட்டியது. கட்டை நழுவிவிட்டது, விழப் போகிறோம் என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். ஓடிப்போய் நாற்காலியின் பின்காலைப் பிடித்துக்கொண்டு குந்தினேன்.

படம் இப்போது கீரமங்கலத்தில் மாமா வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அதில் அத்தை மாமாவைவிட இரண்டு விரற்கடை உயரம்.