ஒரு பாகைக்குள் அறுபது கோடு

விஞ்ஞானம் படிப்பிக்கிற நாம், தெரியாததைச் சொல்லி மாட்டுவதைவிடத் தெரிந்ததைச் சொல்லி மாட்டுவதுதான் அதிகம், உங்களுக்கும் நடந்திருக்கும்.

ஓடாவி வீட்டில்

அப்போது சாய்ந்தமருதில் படிப்பித்தேன். பழைய கிரேக்கர் வெறுங்கண்ணால் நட்சத்திரங்களின் இடத்தைக் குறித்தபோது முழுநிலவின் அகலத்துக்குப் பிழை வந்தது. பிறகு டென்மார்க்கில் ஒருவர், தூரதரிசிக் கண்ணாடி வருமுன்பே, பெரிய கருவிகள் செய்து அதை முப்பதில் ஒரு பங்காகக் குறைத்தார் என்றேன். பிள்ளைகள் நம்பவில்லை. செய்தே காட்டலாமென்று, தோணி கட்டும் மீராசா ஓடாவியிடம் போனேன். கோணம் அளக்க ஆறடிக் கால்வட்டப் பலகை, ஒவ்வொரு பாகைக்குள்ளும் அறுபது கோடு வேண்டுமென்று கேட்டேன். பத்துக் கோடு கீறியதும் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"ரெண்டு விரல் இடத்துக்குள்ள அறுபது கோடா சேர்? இப்பிடிப் பாத்தா நான் ஆயுசுக்கும் ஒரு தோணிதான் கட்டுவன்."

பலகை தேடிப் போனது

சுனாமிக்குப் பிறகு சம்மாந்துறையில் ஒரு பாடசாலையில் எங்களுக்கு இடம் தந்தார்கள். வந்த பிள்ளைகளை எண்ணவே எனக்குத் தைரியம் வரவில்லை. விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினேன். தூரதரிசியால் அளவு இன்னும் எவ்வளவு நுணுகியது என்று காட்ட, பழைய பாடசாலையில் வைத்திருந்த அந்தப் பத்துக் கோட்டுப் பலகை தேவைப்பட்டது. தேடிப் போனால் பழைய கட்டடத்தில் சுவர் மட்டும் நின்றது. ஓடாவியின் தம்பி அலியார் வாசலில் நின்றார். பலகையைக் கண்டீர்களா என்று கேட்டேன். ஓடாவி சுனாமியில் மௌத்தானது அதுவரை எனக்குத் தெரியாது. அலியார்தான் சொன்னார்.

"ஜனாஸா தூக்கச் சந்தூக்குப் பெட்டி பத்தல்ல சேர். எங்கட காக்காவ அந்தப் பலகையில கிடத்தித்தான் மையவாடிக்கு அடக்கக் கொண்டு போனம்."

ஆசிரியர் அறையில்

யுத்தம் முடிந்த வருடம் கல்முனைக்கு மாற்றம் கிடைத்தது. இப்போது நட்சத்திரங்களின் இடத்தைச் செய்மதி அளக்கிறது, சந்திரனில் ஒரு ஆள் நின்றால் இங்கிருந்து அவர் உயரம் எவ்வளவு சிறிய கோணமோ, அந்தளவுக்குத் துல்லியம் என்று ஒரு நாள் உற்சாகமாகக் கதைத்துக்கொண்டிருந்தேன். வீரமுனையிலிருந்து வரும் விமலா டீச்சர் கொப்பி திருத்துவதை நிறுத்தினார். அவருடைய தம்பி வன்னியில் காணாமல் போனவர். அது தெரிந்தும் வாயை மூடவில்லை நான்.

"சந்திரனில நிக்கிற ஆளையே அளப்பாங்களோ சேர்? என்ட தம்பி கடைசியா எங்க நிண்டவன் எண்டு சொல்லத்தான் ஒருத்தரும் இல்ல."

இன்றும் அந்தப் பாடத்தை ஒரு பிழையில்லாமல் நடத்துகிறேன், யாராவது கேள்வி கேட்குமுன் மணி அடித்துவிட வேண்டுமென்று மட்டும் பார்த்துக்கொண்டு.