என் மேதாவித்தனமும் மகளின் தைராய்டும்

ஒத்தக்கடையில் எங்கள் தையல்காரர் பள்ளிச் சீருடை தைக்கும்போது பாண்டின் அடியில் நான்கு விரல் துணியை உள்ளே மடித்துத் தைத்துவிடுவார். "வளர்ற பிள்ளை அக்கா, அடுத்த வருஷம் பிரிச்சு விட்டுக்கங்க" என்பார். என் மகளின் பாண்டில் மட்டும் அந்த மடிப்பு பிரியவே இல்லை.

பன்னிரண்டு வயதில் அவள் ஒன்பது வயதுப் பிள்ளை போல இருந்தாள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைப் போதுமான அளவு சுரக்கவில்லை என்று மதுரையில் டாக்டரம்மா கண்டுபிடித்தார். தினமும் ஓர் ஊசி. எலும்பு முற்றுவதற்குள் வளர்ந்தாக வேண்டும், சில வருடங்கள்தான் கையில் இருக்கின்றன என்றார். முதல் ஆறு மாதம் நன்றாக வளர்ந்தாள். பிறகு கதவு நிலையில் என் கணவர் போட்ட பென்சில் கோடு அங்கேயே நின்றுவிட்டது.

கூடவே தூக்கம். பள்ளி விட்டு வந்ததும் பையைக் கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்வாள். பங்குனி வெயிலில் போர்வை கேட்டாள். "போனைப் பாத்துப் பாத்து சோம்பேறியாப் போயிட்ட" என்று திட்டினேன். ஒரு நாள் இல்லை, தினமும் திட்டினேன்.

செக்கப்புக்கு முன்னால் எடுக்கச் சொல்லி டாக்டரம்மா எழுதிய சீட்டில் டி.எஸ்.ஹெச்., டி4 என்று இரண்டு தைராய்டு சோதனைகள் இருந்தன. நானோ பத்து வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள். தெருவில் நாலு பேருக்கு ரிப்போர்ட் படித்துச் சொல்லும் ஆள். லேபில், "டி.எஸ்.ஹெச். ஒண்ணு போதும். பிள்ளைகிட்ட எம்புட்டு ரத்தம்தான் எடுப்பீங்க?" என்றேன். ரிப்போர்ட்டில் டி.எஸ்.ஹெச். சரியான அளவில் இருந்தது. தைராய்டு இல்லை என்று நானே தீர்ப்புச் சொல்லி, முழுப் பரீட்சையைக் காரணம் காட்டி செக்கப்பையும் மூன்று மாதம் தள்ளிப்போட்டேன்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டி4 எங்கம்மா?"

சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

"ஒங்களுக்குக் கழுத்துல இருக்கிற சுரப்பி மந்தம். அதை வேலை வாங்க பிட்யூட்டரி டி.எஸ்.ஹெச்.சைக் கூட்டும். இவளுக்கு பிட்யூட்டரியே மந்தம்மா. அது எப்படிக் கூட்டும்? தைராய்டு கொறஞ்சாலும் டி.எஸ்.ஹெச். சரியா இருக்கிற மாதிரிதான் தெரியும்."

வளர்ச்சி ஊசி போடும்போது உடம்பு டி4 என்கிற தைராய்டு ஹார்மோனை வேகமாக மாற்றிச் செலவழிக்குமாம். அதுவரை மறைந்திருந்த குறை அப்போதுதான் வெளியே வருமாம். தைராய்டு குறைந்தால் ஊசியும் சரியாக வேலை செய்யாது என்றார். அன்றே டி4 பார்த்தோம். குறைவாகத்தான் இருந்தது. கார்டிசோல் என்கிற இன்னொரு ஹார்மோன் குறைந்திருந்தால் தைராய்டு மாத்திரை ஆபத்தாம்; அதையும் சோதித்துவிட்டுத்தான் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"மூணு மாசத்தைப் பாழாக்கிட்டேனே டாக்டர்."

"இன்னும் நேரம் இருக்கு. அழாமப் போங்க."

பஸ்ஸில் மகளிடம் சொன்னேன். "நீ சோம்பேறி இல்லத்தா. தப்பு எம்மேலதான்."

"எனக்கு அப்பவே தெரியும்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன் பிறகு காலையில் வெறும் வயிற்றில் இருவரும் சேர்ந்து மாத்திரை போட்டோம். எனக்குக் காபி, அவளுக்குப் பால். இரண்டும் ஒரு மணி நேரம் கழித்துத்தான். அதுவரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கதை பேசுவோம். ஒரு மாதத்தில் போர்வை கேட்பது நின்றது. மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பத் தொடங்கினாள். எங்கே போகிறாய் என்று கத்துவதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஐப்பசியில் ஒரு காலை, "அம்மா, பாண்ட் கணுக்காலுக்கு மேல ஏறுது" என்றாள். உட்கார்ந்து மடிப்பைப் பிரித்தேன். நூல் இற்றுப்போய் இழுத்ததும் வந்தது. மேல்துணி வெளுத்திருக்க, உள்ளே இருந்த நான்கு விரல் மட்டும் புது நீலமாக இருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கும், புதிது தைத்துவிடலாம் என்றேன்.

"வேணாம்மா" என்று பிடுங்கிக்கொண்டாள். "அம்புட்டு வளந்திருக்கேன்னு எல்லாரும் பாக்கட்டும்."