இருபதுக்குப் பூச்சியம்

எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துப் படிப்பிக்கும் உட்படுத்தல் கல்வி பற்றிய செயலமர்வு நிலாவெளியில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில் நடந்தது. இரண்டு நாள். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு பூ என்று கொழும்பிலிருந்து வந்த வளவாளர் திரையில் படம் படமாகக் காட்டினார். பத்தாவது பூ வந்தபோது நான் மதியச் சாப்பாட்டுக்கு வட்டிலப்பம் இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இருந்தது.

அந்த இரண்டு நாளில் வட்டிலப்பத்தைத் தவிர இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. பிள்ளைக்கு ஒரு அட்டை, அட்டைக்கு ஒரு தொடரிலக்கம். நடுவில் கறுப்பு வெள்ளைக் கட்டம், நான்கு ஓரத்திலும் ஒன்று முதல் நான்கு வரை இலக்கம். விடை இரண்டு என்றால் இரண்டு மேலே வரும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் தன் போனை வகுப்பு முழுவதும் ஒருமுறை காட்டினால் யார் சரி, யார் பிழை என்று அது சொல்லிவிடும். எழுத முடியாத பிள்ளையும், காது கேளாத பிள்ளையும், வாய் திறக்கப் பயந்த பிள்ளையும் ஒரே நேரத்தில் விடை சொல்லலாம்.

என் எட்டாம் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தாள். பிறந்த நேரத்தில் மூளைக்கு மூச்சுப் போதாமல் போனதால் உடம்பு எப்போதும் இடப்பக்கம் சரிந்திருக்கும். பேச்சு இழுபட்டு வரும். ஒரு வசனம் முடிய ஒரு நிமிடம் எடுக்கும், அதில் பாதி எனக்கு விளங்காது. தாய் தினமும் அவளைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவருவார். கழிவறைக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்பதால் பள்ளிக்கூடம் விடும்வரை வகுப்புக்கு வெளியே விறாந்தையில் இருப்பார்.

அட்டைகளை நானே அச்செடுத்து மட்டையில் ஒட்டி, பசை காயட்டும் என்று முற்றத்தில் பரப்பினேன். திரும்பி வருவதற்குள் எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுபோலத் திரியும் மான்களில் ஒன்று மதிலுக்குள் வந்து பதினேழாம் இலக்க அட்டையைத் தின்றுவிட்டது. அந்தத் திட்டத்தில் முழுப் பயன் அடைந்தது அந்த மான்தான் என்று இப்போது தோன்றுகிறது.

பத்தொன்பது வருடமாக நான் "விளங்கிச்சோ?" என்று கேட்க, வகுப்பு "ஓம் டீச்சர்" என்று கூரை அதிரச் சொல்லும். நானும் நம்பி வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குவேன். முதல் நாள் அட்டைகளைத் தூக்கச் சொன்னேன். முப்பத்து நாலு பேரில் ஆறு பேர்தான் சரி. எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் போன் வேலை செய்கிறது என்ற சந்தோஷத்தில் அவமானத்தைத் தள்ளி வைத்தேன். அதன் பிறகு ஒரு சட்டம் போட்டேன்: அட்டை தூக்கும் நேரத்தில் ஒருவரும் கதைக்கக்கூடாது. பிழை விட்டவர்களின் இலக்கங்களை மட்டும் நான் உரக்க வாசிப்பேன்.

ஐந்து பாடம், இருபது கேள்வி. அந்தப் பிள்ளையின் இருபத்தாறாம் இலக்கத்தை இருபது தரமும் வாசித்தேன். இருபதுக்குப் பூச்சியம்.

எனக்கு மனவருத்தம்தான். ஆனால் போன் சொன்ன பிறகு யாரோடு வாதாடுவது? பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லை, விசேட கல்வி அலகுக்கு மாற்றுவது நல்லது என்று படிவம் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, அதிபரின் மேசையில் வைத்தேன். அந்த அலகு தம்பலகாமம் பக்கத்தில் இருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தாய் தினமும் இரண்டு பஸ் ஏறப்போவதில்லை. மாற்றுவது என்றால் வீட்டில் இருத்துவது. இது தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன், இதை மறைத்து எழுதினால் நான் மனுசியில்லை.

பெற்றோரின் சம்மதமும் வேண்டும் என்பதால் தாயை இடைவேளையில் கூப்பிட்டேன். போனில் இருந்த சிவப்பு வரிசையைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"ஒண்டுமே சரி வரேல்லையோ டீச்சர்?"

"ஒண்டுமே இல்லை."

"அதெப்பிடி? கண்ணை மூடிக்கொண்டு தூக்கினாலும் நாலஞ்சு சரி வரவேணுமே. போன கிழமை நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள், நாலில ஒண்டு எண்டு."

நிகழ்தகவு. போன கிழமை நான்தான் படிப்பித்தேன். விறாந்தையில் இருந்து கேட்டவர் விளங்கிக்கொண்டிருக்கிறார். உள்ளே நின்று படிப்பித்தவளுக்குத்தான் விளங்கவில்லை. ஒன்றுமே தெரியாத பிள்ளைக்கு இருபதில் ஐந்தளவில் தற்செயலாகச் சரிவரும். பூச்சியம் வாங்குவது அவ்வளவு லேசான காரியம் இல்லை.

வகுப்புக்கு ஓடினேன். பிள்ளை தன் கதிரையில் சரிந்தபடி பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அட்டையை எடு. ரெண்டைக் காட்டு."

பணிசை வைத்துவிட்டு அட்டையை நெஞ்சோடு பிடித்தாள். என் கண்ணுக்கு இரண்டுதான் மேலே இருந்தது, ஏனென்றால் அவள் சரிந்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும். போனுக்குத் தெரியாது. உடம்போடு அட்டையும் பாதிக்கு மேல் சரிந்ததில், பக்கத்து ஓரம் மேலே ஏறி நின்றது. போன் மூன்று என்றது. ஒன்றைக் காட்டச் சொன்னேன். இரண்டு என்றது.

தாயும் நானும் அங்கேயே இருந்து இருபது விடைகளையும் ஒரு ஓரம் பின்னுக்குத் திருப்பிப் பார்த்தோம். பதினெட்டு சரி. வகுப்பில் ஒருவரும் அந்தப் புள்ளிக்குக் கிட்ட வரவில்லை. இரண்டு கிழமையாக நான் அளந்தது அந்தப் பிள்ளையின் முதுகை.

"போன் பிழையா வாசிக்குது எண்டு உனக்குத் தெரியுமே?" என்று கேட்டேன்.

தலையாட்டினாள்.

"அப்ப ஏன் அட்டையை ஒருக்கால் திருப்பிப் பிடிக்கேல்லை? சரி எண்டு வந்திருக்குமே."

அவள் பேசத் தொடங்கினாள். நான் பக்கத்து வாங்கில் உட்கார்ந்தேன். இடைவேளை முடிந்து மணி அடித்தது. மற்றப் பிள்ளைகள் உள்ளே வந்து எங்களைப் பார்த்தபடி நின்றார்கள். வாய் கோணி, எச்சில் வடிந்து, ஒவ்வொரு சொல்லாக வந்து விழுந்தது. அன்றைக்குத்தான் அவள் சொன்ன ஒரு வசனத்தை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை கேட்டேன்.

"நான் சரியாத்தானே பிடிச்சனான். போனுக்காக ஏன் பிழையாப் பிடிக்கவேணும்?"

அவள் இன்னும் முடிக்கவில்லை.

"உங்களிட்டச் சொன்னனான். ஏழு தரம். நீங்கள் சிரிச்சுப்போட்டு, கெட்டிக்காரி எண்டு சொல்லிப்போட்டுப் போனீங்கள்."

அது உண்மை. அவள் வாய் திறந்தால் நான் அப்படித்தான் செய்வேன். தலையை ஆட்டி, சிரித்து, கெட்டிக்காரி என்று தோளில் தட்டிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்வேன். அன்பான டீச்சர் என்று எனக்கே என்மேல் ஒரு நினைப்பு. அவள் என்ன சொன்னாள் என்று ஒருநாளும் எனக்குத் தெரியாது. தாய் மகளின் வாயைத் துடைத்துவிட்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

நேரே அதிபரின் அறைக்குப் போனேன். படிவம் இன்னும் அங்கேயே இருந்தது. மீளப்பெறுவதென்றால் காரணம் எழுத வேண்டும் என்றார்.

"தொழினுட்பக் கோளாறு எண்டு போடுங்கோ டீச்சர். ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டினம்."

நல்ல சொல். பாதி எழுதியும் விட்டேன். பிறகு அதை வெட்டிவிட்டு, கீழே எழுதினேன்: மாணவி பிழையைப் பலமுறை சுட்டிக்காட்டினார். ஆசிரியர் செவிமடுக்கவில்லை.

அதிபர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

"இது உங்கட கோப்புக்கும் போகும், தெரியும்தானே?"

"ஓம் சேர்."

"அந்தப் 'பலமுறை'யை எண்டாலும் வெட்டுங்கோவன்."

"ஏலாது சேர்," என்றேன். "பிள்ளை எண்ணி வைச்சிருக்கிறாள்."