மேல் அடுக்கின் சிறு சிப்பிகள்

மேல் அடுக்கிலிருந்து வந்த சிப்பிகளைத் தட்டில் கொட்டியதும் மேடம் கீழ் அடுக்குச் சிப்பி ஒன்றை எடுத்து அவற்றின் பக்கத்தில் வைத்தார். கீழ் அடுக்குச் சிப்பி ஒன்றே உள்ளங்கையை நிறைக்கும். இவையோ கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியவை.

பெங்களூரில் கடல் இல்லை. ஆனாலும் அங்கே ஓர் ஆய்வகத்தின் பின்னறையில் பல வருடங்கள் நான் சிப்பிகளோடுதான் வாழ்ந்தேன். மேற்குக் கரையில், ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே ஒரு மேடு இருந்தது. எழுத்து தோன்றாத காலத்து மனிதர்கள் சிப்பி பொறுக்கித் தின்றுவிட்டு ஓட்டை எறிந்து எறிந்தே உயர்ந்த மேடு. அதில் கீழ் அடுக்கு முந்தைய தலைமுறைகளுடையது, மேல் அடுக்கு பின்னால் வந்தவர்களுடையது. இடையிடையே அடுப்புக்கரியும் மீன்முள்ளும் கிடந்ததால் அது அலை ஒதுக்கிய குவியல் அல்ல என்று தெரிந்தது. அந்த ஓடுகளைக் கழுவி, குறுக்கே அறுத்து, மெருகிட்டு, ஆய்வை நடத்திய மேடத்தின் நுண்ணோக்கியில் வைப்பது என் வேலை.

மேடம் பெங்களூரின் வசதியான ரிச்சர்ட்ஸ் டவுன் பகுதிக்காரர். சில ஞாயிறுகளில் சர்ச் முடிந்ததும் அதே பட்டுப்புடவையோடு வந்து உட்கார்ந்துவிடுவார். ஸ்ரீராம்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற எனக்குத் தன் டிபனில் பாதியை எடுத்துவைத்திருப்பார். அந்த மக்கள் வளர்ந்த சிப்பியை மட்டும் எடுத்தார்கள், குஞ்சுகளைக் கடலுக்கே விட்டார்கள் என்று கீழ் அடுக்கை வைத்து அவர் சொன்னது அவருக்கு நல்ல பேர் வாங்கித் தந்திருந்தது. அவரும் அதை மனதார நம்பினார்.

சிறிய சிப்பியெல்லாம் இளசு என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் கெட்டு வளர்ச்சி குன்றிய கிழமாகவும் இருக்கலாம். மேடம் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று விரும்பினார். அறுத்துப் பார்த்தால் மரத்தில் உள்ளதுபோலச் சிப்பியிலும் வயது வரிகள் தெரியும். மாதக்கணக்கில் அறுத்தேன். எல்லாமே இளசுகள். வளர விடாமல் எடுத்திருக்கிறார்கள்.

ஆய்வகத்தில் ஒருவர், மேல் அடுக்கை இப்போதைக்குப் பேசாமல் விட்டுவிடலாமே என்றார். மேடம் கோபப்படவில்லை.

"நான் ஆசைப்பட்டது ஒண்ணு, சிப்பி சொல்றது ஒண்ணு. என் ஆசையை ஏன் பிரிண்ட் பண்ணணும்?" என்றார்.

அதன்பிறகு அவர் ஓட்டின் விளிம்பையே பார்க்கத் தொடங்கினார். சிப்பி கடைசியாக எந்தப் பருவத்தில் வளர்ந்துகொண்டிருந்தது என்பது விளிம்பில் தெரியும். அதுவே அதைப் பிடித்த பருவம். கீழே உள்ளவை எல்லாம் கோடையில் பிடித்தவை. மேலே உள்ளவை எல்லாப் பருவத்திலும் பிடித்தவை, கொட்டும் மழைக்காலத்திலும்கூட.

கருத்தரங்கில் மேடம், தான் முன்பு சொன்னது தவறு என்றே பேச்சைத் தொடங்கினார். முடிந்ததும் முன்வரிசையில் ஒருவர், அப்படியானால் அந்த மக்களும் நம்மைப்போலப் பேராசைக்காரர்கள்தானா என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

"ஏன் எடுத்தாங்கன்னு சிப்பி சொல்லாது சார். அதனால பேப்பர்ல நான் எழுதல. ஆனா கேட்டுட்டீங்க. ஆடி மாசம் ஆத்து முகத்துவாரத்தைப் பாத்திருக்கீங்களா? அந்த வெள்ளத்துல பேராசைக்காக யாரும் எறங்கமாட்டாங்க. வீட்ல புள்ளைங்க பசியோட இருந்தாத்தான் எறங்குவாங்க."

மேடம் தாள்களை அடுக்கிக்கொண்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.