கன்வர்ட் பண்ணாத கடைக்காரன்

வீட்டு வீடியோவை டிவிடியாக்கித் தரும் தொழிலில் பாதி வேலை, சும்மா இருப்பது. கேமராவிலேயே டிவிடிக்குத் தோதாகப் பதிவான படத்தை அப்படியே டிஸ்க்கில் அடுக்கி எழுதினால் போதும். கன்வர்ட் செய்தால், அதாவது வேறு வடிவத்துக்கு மாற்றினால், துவைக்கத் துவைக்கச் சட்டை வெளுப்பது போல, படம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மங்கும். இதை வாடிக்கையாளருக்குச் சொல்லிப் புரியவைக்க முயன்றவர்கள் யாராவது இருந்தால், நீங்கள் என் இனம்.

சீக்கிரம் முடித்த குற்றம்

முசிறி வாழைக்காய் வியாபாரி ஒருவர் மகளின் காதுகுத்து வீடியோவோடு வந்தார். அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் டிஸ்க் தயார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுக்குள்ளவா? ஒண்ணுமே பண்ணலைபோல. நல்லா பண்ணி வைங்க, சாயங்காலம் வரேன்" என்று காந்தி மார்க்கெட்டுக்குப் போய்விட்டார்.

நான் அதே டிஸ்க்கை டிராயரில் போட்டு மூடினேன். சாயங்காலம் எடுத்து, கடை டிவியில் போட்டுக் காட்டினேன். மனிதருக்கு முகமெல்லாம் பல்.

"பாத்தீங்களா, பொறுமையா செஞ்சா எப்படிப் பளிச்சுனு வருது!"

இரண்டு பக்கமும் கறுப்பு

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு தம்பதி, மகனின் பூணூல் வீடியோவோடு வந்தார்கள். பழைய படம் புது டிவிக்கு அகலம் போதாது. இரண்டு ஓரமும் கறுப்பாகத் தெரியும். இழுத்து நிரப்பித் தர வேண்டும் என்று மாமா ஒற்றைக் காலில் நின்றார். அதற்குக் கன்வர்ட் செய்ய வேண்டும், அப்புறம் எல்லோரும் நிரந்தரமாகக் குண்டாகிவிடுவார்கள் என்றேன். நம்பவில்லை. ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தி, டிவியில் மட்டும் இழுத்துக் காட்டினேன். திரையில் மடிசாரோடு நின்ற மாமி பக்கவாட்டில் பரந்து விரிந்தார். கடையில் நின்ற மாமிக்குப் பொறுக்கவில்லை.

"போறும், போறும்! நான் இருந்தபடியே இருந்துட்டுப் போறேன்."

குரூப்பில் தேய்ந்த முகம்

சூசை, பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. நினைவுப் பூசைக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு டிவிடி கொடுக்க நினைத்தார். போனில் காட்டினார்: மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாள், மனைவி கோயில் வாசலில் சிரித்தபடி நடந்து வருகிறார். அவர் நடமாடும் வீடியோ அது ஒன்றுதானாம். குடும்பக் குரூப்பில் ஊர் ஊராகச் சுற்றியதில் முகம் கட்டம் கட்டமாகிக் கிடந்தது. இனி எத்தனை கன்வர்ட் செய்தாலும் முகம் திரும்பாது, கேமராவில் முதலில் பதிவான டிஸ்க் வேண்டும் என்றேன். போனைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அதை எங்க வச்சிருக்கான்னு அவளுக்குத்தான் சார் தெரியும்."

மாலை

மனைவியின் தையல் டப்பாவில்தான் அந்த டிஸ்க் இருந்திருக்கிறது. அடுத்த வாரம் சூசை கொண்டுவந்தார். கேமராவுக்குள் போடும் சின்ன டிஸ்க், கீறலே இல்லை. முகம் தெளிவாக வந்தது. உடனே அடுத்த கோரிக்கை: வீடியோவில் மனைவி கழுத்துக்கு ஒரு மாலை.

படத்தின் மேல் எதை ஒட்டினாலும் முழுக்கக் கன்வர்ட் செய்தாக வேண்டும், மீட்ட முகம் மறுபடி மங்கும், டிஸ்க் போட்டதும் வரும் முதல் பக்கத்தில் போட்டோ வைத்து மாலை போட்டுத் தருகிறேன் என்றேன். "மாலையில்லாம ஓடவிட்டா சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க?" என்றார்.

வாதாடுவது என் வழக்கமில்லை. ஒரு துண்டை நகல் எடுத்து, மாலையை ஒட்டி ஓடவிட்டேன். மனைவி சிரித்தார், நடந்தார், படத்தை விட்டே போய்விட்டார். மாலை மட்டும் அங்கேயே நின்றது. பின்னால் வந்த சூசையின் தம்பி கழுத்தில் அது சரியாகப் பொருந்தியது. தம்பி இன்றைக்கும் திடமாக இருக்கிறார்.

சூசை வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எனக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது.

"அவ பாட்டுக்கு நடந்து போறா சார், மாலையெல்லாம் வேணாம்."

ஆக, இத்தனை வருஷத்தில் நான் நல்ல பெயர் வாங்கியதெல்லாம் கை வைக்காமல் விட்ட வேலைகளால்தான். இதைப் போர்டில் எழுதி மாட்டினால் யார் படியேறுவார்கள், நீங்களே சொல்லுங்கள்!