ஆறாவது சாவி

மூன்று நாள் கொட்டிய பனி அன்று விடியலில் நின்றது. ரெமெய் கோவேறு கழுதையின் கழுத்து மணியைக் கழற்றி, உள்ளே வைக்கோலைத் திணித்து, சாக்கில் போட்டாள். பிறகு வீட்டுக்குள் வந்து கணவன் முன்னால் கையை நீட்டினாள்.

"கொடு."

செர்னி கட்டிலில் கிடந்தான். அவனுடைய வலது கால் இரண்டு பலகைகளுக்கு நடுவே கட்டப்பட்டிருந்தது. கழுத்தில் தோல் கயிறு. கயிற்றில் ஒரு சாண் நீள இரும்புச் சாவி.

"சத்தியம் பண்ணினவன் கைதான் திருப்பணும்," என்றான்.

"கையை மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டுப் போறேன். சம்மதமா?"

அவன் சிரிக்கவில்லை. காய்ச்சலில் கண்கள் சிவந்திருந்தன.

பிரான்ஸுக்குத் தெற்கே மலைகளுக்குள் இருக்கும் அந்தோராவில் ஆறு பங்குகள், அதாவது கோயில் வட்டாரங்கள். கீழே தலைநகரில், சபை கூடும் கல் வீட்டின் சுவருக்குள் ஓர் அலமாரி இருக்கிறது. அதற்கு ஆறு பூட்டுகள். பங்குக்கு இரண்டு தலைவர்கள்; முதல் தலைவர்கள் ஆறு பேரிடமும் ஆளுக்கு ஒரு சாவி. ஆறும் திரும்பினால்தான் கதவு திறக்கும். அதற்குள் இருந்த ஓர் ஆட்டுத்தோல் பத்திரம் இன்று மூன்று மணிக்குள் வெளியே வந்தாக வேண்டும். கணவாய்க்கு அப்பால் வடக்குச் சரிவில் இருக்கும் புல்வெளி மேல்பங்குக்கு உரியது என்று அதில் எழுதியிருக்கிறது. வடக்கே உள்ள மந்தைக்காரர் ஒருவர் அது தன் புல் என்று வழக்குப் போட்டிருந்தார். பத்திரத்தைக் காட்டாவிட்டால் புல் அவருக்குப் போய்விடும். கோடையில் அந்தப் புல் இல்லையென்றால் மேல்பங்கின் ஆடுகளில் பாதியை விற்றுவிட வேண்டியதுதான்.

மேல்பங்கின் இரண்டாம் தலைவர் இலையுதிர்காலத்துக் காய்ச்சலில் செத்துப்போனார். முதல் தலைவர் செர்னி. அவன் போன வாரம் எல்லை முகட்டில், நாற்பது கிலோ கள்ளப் புகையிலையை முதுகில் சுமந்து போகும்போது விழுந்து தொடையை உடைத்துக்கொண்டான். அதில் கேவலம் ஒன்றுமில்லை. இந்த மலையில் புகையிலை கடத்தாத வீடு பாதிரியார் வீடு ஒன்றுதான், அதுவும் நிச்சயமில்லை. ஆனால் வரப்போகிற நீதிபதி, அந்தப் புகையிலை போய்ச் சேரும் பிரான்ஸ் நாட்டவர்.

"கேட்டா ஏணியிலேருந்து விழுந்தேன்னு சொல்லு," என்றான் செர்னி. கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினான். உடனே கொடுக்கவில்லை. "கொண்டுபோய் சபைத் தலைவர் கையில கொடு. அவரு யாரையாவது வச்சுத் திருப்பட்டும். நீ தொடாதே."

"தொடாம எப்படிக் கொண்டுபோறது?"

சாவியை அவளே அவன் விரல்களிலிருந்து உருவிக்கொண்டாள். இரும்பு சூடாக இருந்தது.

அந்த வீடு அவள் வீடு. அண்ணன்மார் இரண்டு பேரும் ஒரே குளிர்காலத்தில் தொண்டை நோயில் போனார்கள். ஒன்பது வயதில் அவள் நௌதி வீட்டின் வாரிசானாள். நிலம், ஆடுகள், கூரைக்கடியில் காயும் புகையிலை எல்லாம் அவள் பெயரில். செர்னி கீழ்ப்பங்கிலிருந்து வந்த வீட்டோடு மாப்பிள்ளை. கோயிலில் மோதிரம் மாற்றிய மறுநாளிலிருந்து ஊர் அவனை நௌதி என்றுதான் கூப்பிட்டது. இங்கே ஆளுக்குப் பெயர் கிடையாது, வீட்டுக்குத்தான். சபைக்கு ஆள் தேர்ந்தெடுப்பதும் அப்படித்தான். அடுப்புக்கு ஒரு வாக்கு. அடுப்பு அவளுடையது, வாக்கு அவனுடையது. அவள் அதைப் பற்றி நினைத்ததில்லை. நினைக்க நேரமும் இருந்ததில்லை.

வெள்ளைச் சரிவைச் சூரியன் தொடுமுன் கடந்துவிட வேண்டும். வெயிலோ சத்தமோ பட்டால் பனி மொத்தமாகச் சரிந்துவிடும்; அங்கே யாரும் பேசமாட்டார்கள், இருமமாட்டார்கள். ரெமெய் கழுதையின் முன்னால் நடந்தாள். பனி முழங்கால் வரை இருந்தது. மேலே பாறை விளிம்பில் வெளிச்சம் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது.

சரிவின் நடுவில் கழுதை நின்றது.

அதட்ட முடியாது. அடிக்கவும் முடியாது. இழுத்தாள். கழுதை காதுகளைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு அசையாமல் நின்றது. வெளிச்சம் ஒரு கை அகலம் கீழே வந்தது. ரெமெய் மடியிலிருந்த ரொட்டியைப் பிய்த்து அதன் மூக்கருகே காட்டிப் பின்னால் நடந்தாள். ஓர் அடி. பிறகு இன்னொரு அடி. மதியத்துக்கு என்று வைத்திருந்த ரொட்டி முழுவதும் அப்படியே தீர்ந்தது. பைன் மரங்களுக்குள் நுழைந்தபின்தான் அவள் வாய்விட்டு மூச்சு விட்டாள்.

கால் மணி நேரத்துக்குப் பிறகு முதுகுக்குப் பின்னால் மலை இருமியது. திரும்பிப் பார்த்தாள். வந்த பாதை இல்லை. மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. இனி இரண்டு நாளைக்கு மேலிருந்து யாரும் இறங்க முடியாது.

தலைநகரை அடையும்போது ஒரு மணி கடந்துவிட்டது. சபை வீட்டின் சமையலறையில் மற்ற ஐந்து தலைவர்களும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேர் மடியிலும் சாவி. வயதான சபைத் தலைவர் எழுந்து கதவுக்கு வெளியே பார்த்தார்.

"நௌதி எங்கே?"

"கால் உடைஞ்சு கிடக்கார். ஏணியிலேருந்து விழுந்துட்டார்."

கீழ்ப்பங்குத் தலைவர் பாரோ மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டார். "பிப்ரவரி மாசத்துல ஏணி. ரொம்ப உயரமான ஏணியோ? உச்சியில நின்னா பிரான்ஸ் தெரியுமா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். மாடியில் நீதிபதி இருந்தார். சபைத் தலைவர் மாடிப்படியைப் பார்த்தார், சிரிப்பு நின்றது.

ரெமெய் சாவியை மேசையில் வைத்தாள். "நேரம் ஆகுது."

"யார் திருப்புறது?" என்றார் பாரோ.

"யாராவது ஒருத்தர் திருப்புங்க."

"ஒருத்தன் கையில ரெண்டு சாவி கூடாதும்மா. அதுக்குத்தானே ஆறு பூட்டு. மேல்பங்குலேருந்து இன்னொரு ஆம்பளையைக் கூட்டிட்டு வந்து சத்தியம் வாங்கணும்."

"சரிவு விழுந்துடுச்சு. ரெண்டு நாள் ஆகும்."

 மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நீதிபதியின் குதிரைகளுக்குச் சேணம் போடச் சொல்லியாகிவிட்டது என்று எழுத்தர் மிகெலெட் வந்து சொன்னார். மறுபடி பனி கொட்டுமுன் கிழக்குக் கணவாய் வழியாக எல்லையைத் தாண்ட வேண்டுமாம். மூன்றடித்தால் ஒரு நிமிஷம்கூட நிற்கமாட்டார்.

பாரோ கெட்டவர் இல்லை. அது ரெமெய்க்குத் தெரியும். அவர் பிடிவாதக்காரர். முந்நூறு வருஷமாக ஒழுங்காக நடந்த ஒன்று தன் காலத்தில் கெட்டது என்று இருக்கக்கூடாது அவருக்கு. கெட்டவராக இருந்தால் பேசி மடக்கலாம்.

மணிக்கூண்டில் இரண்டு அடித்தது.

அவள் அப்பாவும் தலைவராக இருந்தவர். அவர் சத்தியம் செய்த நாளில் அவள் வாசல்படியில் நின்று பார்த்திருக்கிறாள். அன்று எழுத்தர் கூப்பிட்ட பெயர் அவளுக்கு நினைவிருந்தது. அப்பாவுக்குக் கோயிலில் வைத்த பெயரை அன்று யாரும் சொல்லவில்லை.

"சத்தியப் புத்தகத்தை எடுங்க," என்றாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க படிங்க."

மிகெலெட் சபைத் தலைவரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். புத்தகம் வந்தது. மிகெலெட் விரலை வரிமேல் ஓட்டினார்.

"மேல்பங்கின் சாவியை நௌதி பெற்றுக்கொண்டார். நௌதி கையைத் தவிர வேறு கை அதைத் திருப்பாது என்று சத்தியம் செய்தார்."

"வேற பேரு போட்டிருக்கா?"

"இல்லை. நௌதின்னு மட்டும்தான். எல்லாருக்கும் அப்படித்தான் போட்டிருக்கு. வீட்டுப் பேரு."

"நௌதின்னா செர்னி," என்றார் பாரோ. "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"செர்னி யாருங்க? உங்க தொழுவத்துக்கு ரெண்டு வீடு தள்ளிப் பிறந்தவர். உங்க பங்குல ஞானஸ்நானம் வாங்கினவர். அவர் நௌதி இல்ல, வெறும் செர்னிதான்னா, மூணு வருஷமா கீழ்ப்பங்கு ஆளுங்க கையில ரெண்டு சாவி இருந்திருக்கு. அதையும் அந்தப் புத்தகத்துல எழுதச் சொல்லுங்க."

யாரோ அடுப்புப் பக்கம் திரும்பி இருமினார். அது இருமல் இல்லை.

"அவர் நௌதி ஆனது என்னைக் கட்டினதால," என்றாள் ரெமெய். "நான் பிறந்ததுலேருந்து நௌதி."

பாரோ பொடி டப்பாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். சபைத் தலைவர் காத்திருந்தார். பாரோவை யாரும் அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்தினால் சாயங்காலம்வரை எழுந்திருக்கமாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும்.

"பொம்பளைன்னு அதுல எங்கேயாவது எழுதியிருக்கா?" என்று மிகெலெட்டைக் கேட்டார் பாரோ.

"ஆம்பளைன்னும் எழுதலை."

பாரோ தன் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அலமாரி முன்னால் வரிசையாக நின்றார்கள். ஐந்து பூட்டுகள் ஒவ்வொன்றாக விட்டன. ரெமெய் ஆறாவதில் சாவியை நுழைத்துத் திருப்பினாள். நகரவில்லை. இரண்டு கையாலும் முயன்றாள். குளிரில் விரல்கள் மரத்திருந்தன. முதுகுக்குப் பின்னால் ஐந்து ஆண்களின் மூச்சு. இப்போது இவர்களில் ஒருவர் கையை நீட்டினால் எல்லாம் போயிற்று என்று நினைத்தாள். மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. நீதிபதி இறங்கிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் மேல தூக்கு," என்றார் பாரோ, சுவரைப் பார்த்துக்கொண்டு. "இடது பக்கம். தூக்கிட்டே திருப்பு. அது பழைய கிழவி, அதட்டினா வராது."

தூக்கினாள். உள்ளே ஏதோ விழுந்தது. கதவு தானாகவே முனகிக்கொண்டு வெளியே வந்தது.

மிகெலெட் ஆட்டுத்தோலை மார்போடு அணைத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினார். மூன்றடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. நீதிபதி கையுறையைக் கழற்றாமலே படித்தார். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரு கையுறையைக் கழற்றி, கையெழுத்துப் போட்டார். புல் மேல்பங்குக்கே.

சாயங்காலம் மிகெலெட் அன்றைய குறிப்பை எழுதிச் சத்தமாக வாசித்தார். 'ஆறு சாவிகளும் வந்தன. நௌதியும் மற்றவர்களும் தங்கள் கையால் திருப்ப, அலமாரி திறந்தது.' அவ்வளவுதான். வேறு எதுவும் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் பாதையை வெட்டித் திறந்தார்கள். அவள் வீடு சேரும்போது செர்னிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. புல் நிலைத்த செய்தி பாதை வெட்டியவர்கள் வழியாக அவளுக்கு முன்பே வந்திருந்தது.

"யார் திருப்பினா?" என்று கேட்டான்.

"நௌதின்னு எழுதியிருக்காங்க."

அவன் அவள் கழுத்தில் தொங்கிய சாவியைப் பார்த்தான். அவள் ஈரப் பாவாடையை அடுப்பருகே விரித்துவிட்டு, சூப்பைக் கிண்டினாள்.

"எந்தப் பக்கம் திருப்பினே?"

"மேல தூக்கி, இடது பக்கம்."

செர்னி முழங்கையை ஊன்றி எழுந்தான். "அது உனக்கு எப்படித் தெரியும்?"

"பாரோ சொன்னார்."

"அந்த ஆளா?" என்றான் செர்னி. "மூணு வருஷமா நான் அந்தப் பூட்டோட மல்லுக்கட்டுறேன். பக்கத்துல நின்னு வேடிக்கை பார்ப்பார். ஒரு வார்த்தை சொன்னதில்லை."

அவள் சாவியைக் கழற்றாமலே அவனுக்குச் சூப்பை ஊற்றினாள்.