கதவைத் திறந்து பனியில் இறங்கிய அண்ணை

எங்கள் அண்ணை யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு வெங்காயத் தோட்டக்காரருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயா இளவயதிலேயே காலமானதால் படிப்பைப் பாதியில் விட்டு மண்வெட்டியைத் தூக்கினார். வீட்டில் பொறுப்பெல்லாம் அவருக்கு, வாய் எனக்கு. "இவளின்ரை வாய்க்கு ஒரு பூட்டு வாங்க வேணும்" என்று அம்மாவிடம் முறைப்பாடு வைப்பார். அண்ணையின் நினைவாக அச்சடிக்கும் இந்தக் கல்வெட்டில் அடக்கமாக எழுதும்படி உறவினர் சொன்னார்கள். முடிந்தமட்டும் பார்க்கிறேன்.

ஊரில் ஒருநாள் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தது. ஆண்களையெல்லாம் சந்தியில் வரிசையாக நடக்கவிட்டார்கள். ஜீப்புக்குள் சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் இருந்தான். தலையாட்டி என்போம். அவன் தலை யாருக்கு ஆடுகிறதோ அந்த ஆள் வீடு திரும்பமாட்டான். அண்ணைக்கு முன்னால் நடந்த சிநேகிதனுக்கு அந்தச் சாக்கு ஆடியது. அண்ணைக்கு ஆடவில்லை. வீட்டுக்கு வந்தவர் நாட்கணக்காகச் சோற்றைத் தொடவில்லை. பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு நாட்டை விட்டு வெளிக்கிட்டார்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் சுவிசுக்கு வந்த எங்களை ஒரு மலைக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். ஊஸ்டர், பாசல் நகரங்களில் தெரிந்த தமிழர் இருந்தார்கள். அந்த மலைக் கிராமத்தில் தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான். வெயிலில் கறுத்த மரவீடுகள், கூரையில் கற்பலகைகள், எலி ஏறாமலிருக்க வட்டக் கற்களின் மேல் தூக்கி நிறுத்திய களஞ்சியங்கள். காலையில் மேல்வீட்டு அம்மாவின் மகன் பால் கொண்டுவந்து வாசலில் வைப்பார். அண்ணை அவருடைய தொழுவத்தில் சாணி அள்ளப் போவார். "மாடு எங்கையும் மாடுதான், மனுசர்தான் வேறை" என்பார்.

மார்கழியில் சூரியன் மலைக்குப் பின்னால் போனது. பிறகு பகலிலும் வீட்டுக்குள் விளக்கெரிந்தது. மேலே எங்கோ பனி சரியும்போது செல் குண்டு விழுவதுபோல் கேட்கும். ஊரார் கதையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். அண்ணை என்னை மேசைக்குக் கீழே தள்ளுவார்.

"அது பனி, அண்ணை."

"எனக்கும் தெரியும். நீ கிட."

மாசி பிறக்க ஊரின் போக்கே மாறியது. கொட்டில்களில் ஆட்டுத்தோல்கள் தொங்கின. உள்ளே மரம் செதுக்கும் சத்தம் கேட்கும், நாங்கள் கிட்டப் போனால் நின்றுவிடும். பால் கொண்டுவருகிறவர் என்னைக் கண்டால் தனக்குள் சிரித்துக்கொண்டு போனார். ஒருநாள் மேல்வீட்டு அம்மா என் கன்னத்தைத் தட்டி ஏதோ சொன்னார். டொச்சு என்கிற ஜெர்மன் மொழி எங்களுக்கு அரைகுறை. விளங்கியது இவ்வளவுதான்: பொழுதுபட்டால் வெளியே போகாதே, அவர்கள் வருவார்கள், இளம் பெட்டைகளைத்தான் பிடிப்பார்கள்.

"சிரிச்சுக்கொண்டெல்லோ சொல்லுறா," என்றேன்.

"எங்கடை ஊரிலை ஆமிக்காரங்களும் சிரிச்சவங்கள்தான்," என்றார் அண்ணை. "இது ஊரடங்கு. நீ இனி வாசலுக்கு வரப்படாது."

அன்றிலிருந்து அலுமாரியை யன்னலுக்குக் குறுக்கே இழுத்துவிட்டுக் கதவடியில் படுத்தார். பயத்தில் என் வாயும் அடங்கிப்போனது.

ஒரு பின்னேரம் மாட்டு மணிச் சத்தம் கேட்டது. அந்தப் பனியில் ஒரு மாடும் வெளியில் நிற்காது. இடுக்கால் பார்த்தேன். ஆட்டுத்தோல் போர்த்து, இடுப்பில் மணி கட்டி, கோணல் வாயும் மாட்டுப் பல்லுமாய் மரமுகங்கள் ஒழுங்கையால் இறங்கி வந்தன. எங்கள் வாசலில் நின்று தடியால் கதவைத் தட்டின. முன்னால் நின்ற முகம் மேலும் கீழும் ஆடியது. மரத்தின் பாரத்துக்கு ஆடியிருக்கும். அண்ணை கண்டது தலையாட்டியை.

என்னை அடுப்படிக்குள் தள்ளிவிட்டு அவர் கதவைத் திறந்தார். வெறுங்காலோடு பனியில் இறங்கி, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு முழந்தாளில் நின்றார்.

"தங்கச்சியை விடுங்கோ. நான் வாறன்," என்றார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எனக்கு இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

மணிகள் ஓய்ந்தன. முன்னால் நின்றவர் முகத்தைக் கழற்றினார். பால் கொண்டுவருகிறவர்தான். பனிக்காலத்தை விரட்ட அந்த ஊர் இளந்தாரிகள் வருடாவருடம் போடும் வேஷமாம் அது. கலியாணமாகாத பெட்டைகளைத் துரத்தி முகத்தில் பனி பூசுவது விளையாட்டாம். என்னையும் தங்கள் ஊர்ப் பெட்டையாக எண்ணி வந்திருக்கிறார்கள். அவரும் அண்ணைக்கு முன்னால் முழந்தாளில் இருந்து, தூக்கிய கைகளைப் பிடித்து இறக்கப் பார்த்தார். அவை இறங்க வெகுநேரம் சென்றது. அடுத்த வருடம் அந்த முகங்கள் எங்கள் ஒழுங்கை முடக்கில் கழற்றப்பட்டன. கக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா மனுசராக நடந்து போனார்கள்.

பிறகு மலையை விட்டு ஷ்லீரன் நகரத்துக்கு வந்தோம். அண்ணை முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் ஓய்வு பெறும்வரை உழைத்தார். எனக்குக் கலியாணம் செய்துவைத்தார், என் பிள்ளைகளைத் தோளில் தூக்கினார். தான் மட்டும் தனித்தே இருந்தார். கேட்டால், "உன்னோடை பட்ட பாடு காணும்" என்பார்.

கடைசியில் சுவாசப்பை பழுதாகிப் போனது. ஒரு காலை அவர் கண் விழித்தபோது முகக்கவசம் போட்ட மருத்துவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஊசி ஏற்றியிருந்த கைகள் இரண்டும் மெல்ல மேலே எழும்பின.

"தங்கச்சியை விடுங்கோ. நான் வாறன்."

அவர்கள் நோவென்று நினைத்து மருந்தைக் கூட்டப் போனார்கள். "உங்கடை முகத்தைக் காட்டுங்கோ," என்று நான் டொச்சில் கத்தினேன். இளம் பெண் மருத்துவர் ஒருவர் என்னைப் பார்த்தார், கவசத்தை இறக்கினார். அண்ணை அந்த முகத்தை வடிவாகப் பார்த்தார். கைகளை நான் பிடித்து இறக்கினேன். இந்தமுறை உடனே இறங்கின. அன்று பின்னேரம் போய்விட்டார்.

அந்த மருத்துவருக்கும், துயர வீட்டில் சமைத்துத் தந்தவர்களுக்கும், தேவாரம் பாடியவர்களுக்கும், மலையிலிருந்து ரயிலேறி வந்து தொப்பியைக் கையில் பிடித்தபடி பெட்டியருகே கடைசிவரை நின்ற மேல்வீட்டு மகனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணை, நான் இஞ்சைதான் நிக்கிறன். என்னை ஒருத்தரும் கொண்டுபோகேல்லை.